லண்டனை முந்திய சிரிப்பு

ஜெர்மனியின் எசன் நகரப் பழம்பொருள் சந்தையில் ஒருவர் பழைய வால்வு வானொலியைப் போட்டுக் காட்டினார். சூடேறிய தூசின் மணம் எழுந்ததும், இப்போது இடித்துவிட்ட எங்கள் அகதி விடுதியான ஹைமின் பொதுச் சமையலறைக்கு நினைவில் போய்விட்டேன்.

ஞாயிறு மதியங்களில், பருப்பு கொதிக்க, வெங்காயம் வதங்க, தெருவோரம் யாரோ எறிந்து நாங்கள் தூக்கிவந்த அதேபோன்ற வானொலிப் பெட்டியில், ஜெர்மனியிலிருந்த பிரிட்டிஷ் இராணுவத்தின் வானொலி ஐம்பதுகளின் லண்டன் நகைச்சுவை நாடகங்களை மறுபடி ஒலிபரப்பும். நாடகத்தில் லண்டன் அரங்கம் சிரித்து ஓய்ந்தபின், "பொறுங்கோ, சொல்லுறன்" என்று அம்மா அதைத் தமிழாக்கிச் சொல்ல, சமையலறை பிந்திச் சிரிக்கும். எங்களுக்கு எல்லாமே பிந்தித்தான் வரும், விசா உட்பட.

ஒரு ஞாயிறு, நாடகத்தில் வரும் கஞ்சக் கிழவரின் கதவைச் சாப்பாட்டு நேரத்தில் யாரோ தட்டினார்கள். பக்கத்து அறைச் செல்வி அக்காவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் வாராவாரம் கேட்டுக் கிழவரை நன்றாகத் தெரியும். கரண்டியை ஓங்கிக்கொண்டு, "பாருங்கோ, தான் வீட்டில இல்லையெண்டு அந்தாளே உள்ளுக்கிருந்து சொல்லும்!" என்றார்.

சமையலறை வெடித்துச் சிரித்தது. கிழவர் அதையே ஆங்கிலத்தில் சொன்னார். மொழிபெயர்க்க வேலையில்லாத அம்மா, எங்களையெல்லாம் நிமிர்ந்து பார்த்தபடி நின்றார்.

அதற்குப் பிறகுதான் லண்டன் சிரித்தது.