லூர்து டீச்சர் உரித்த பட்டர் பீன்ஸ்

ஒட்டன்சத்திரம் சந்தையில் காரட் மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தபோது என் மனைவி மேரி போன் செய்தாள். "வெரசா வாங்க. லூர்து டீச்சர் போயிட்டாங்க." பாதி மூட்டை இன்னும் லாரியில் இருந்தது. அதை எப்படி இறக்கி முடித்தேன் என்று நினைவில்லை.

டீச்சரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். செண்பகனூரில் எங்கள் கோயிலில் பிள்ளைகளுக்கு ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு நடத்தியவர். தந்தை, மகன், தூய ஆவி மூவரும் ஒரே கடவுள் என்ற மூவொரு கடவுள் பாடம் வந்தால் மற்ற ஆசிரியர்கள் நழுவிவிடுவார்கள். இவர் மெழுகுவர்த்தியை ஏற்றிவிடுவார். "சுடர், வெளிச்சம், சூடு. மூணும் ஒரே வர்த்தி. புரிஞ்சுச்சா?" புரியவில்லை என்று சொல்ல எவருக்கும் துணிச்சல் வந்ததில்லை. அவர் குரல் அப்படி. என் மகன் ஜெரால்டும் அந்த வகுப்பில் தலையாட்டியவன்தான்.

அவன் வளர்ந்து, வேலைக்குப் போய், ஒரு மாலையில் மலைப்பாதையில் பைக் கவிழ்ந்து இறந்தான். அடக்கத்துக்கு மறுநாள் வந்த டீச்சர், "கடவுளோட சித்தம், தம்பி" என்றார்.

"அப்பேர்ப்பட்ட கடவுள் எனக்கு வேண்டாம். வெளிய போங்க!" என்று கத்தினேன். மேரி தடுக்கவில்லை. டீச்சர் படியிறங்கிப் போய்விட்டார்.

அடுத்த நாள் வெள்ளனே கதவு தட்டும் சத்தம். வாசலில் டீச்சர் நின்றார்.

"நேத்து நான் சொன்னது தப்பு, தம்பி. வாய்ப் பழக்கத்துல வந்துருச்சு."

பிறகு நேராக அடுப்படிக்குப் போய், மேரியின் பக்கத்தில் உட்கார்ந்து பட்டர் பீன்ஸ் உரிக்கத் தொடங்கினார். செபமும் சொல்லவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. அந்த மழைக்காலம் முழுக்க அப்படித்தான் வந்தார். உரித்ததை அவரே குழம்பு வைப்பார். நாங்கள் சாப்பிடும்வரை இடத்தைவிட்டு நகரமாட்டார். மகா பிடிவாதக்காரர்.

ஒருநாள் மேரிதான் கேட்டாள். "எம்புள்ள விழுந்தப்ப உங்க கடவுள் எங்க இருந்தாரு, டீச்சர்?"

டீச்சர் கையிலிருந்த காயை முறத்தில் வைத்தார்.

"பெத்த மகன் சாகுறதைப் பார்த்த தகப்பன் அவரு. செத்த மகனும் அவருதான். செபம் வராம நீ பெருமூச்சு விடுறியே, அதுக்குள்ள இருக்குற ஆவியும் அவருதான். அப்ப உம்புள்ளகூட இருந்தாரு, இப்ப இந்த அடுப்படியில இருக்காருன்னு நம்புறேன். அதுக்கு மேல எனக்குத் தெரியாதும்மா."

அன்றுதான் மேரி வாய்விட்டு அழுதாள். நானும் அழுதேன். என் கோபம் முழுதாகப் போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் அடுத்த ஞாயிறு கோயிலுக்குப் போனேன். அதன்பின் மூவொரு கடவுள் பாடத்துக்கு டீச்சர் மெழுகுவர்த்தி ஏற்றியதாக நான் கேள்விப்படவில்லை.

நேற்று அவரை அடக்கம் செய்தோம். அவர் கணவர் ஆரோக்கியம் அண்ணன் சோற்றைத் தொடவில்லை. வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கடவுளின் சித்தம் என்று சொல்லிவிட்டுக் கலைந்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. டீச்சரும் ஒருமுறை வாய்ப் பழக்கத்தில் சொன்னதுதானே என்று விட்டுவிட்டேன்.

இன்று காலை லாரியை எடுக்கவில்லை. ஒரு பை பட்டர் பீன்ஸோடு மேரியும் நானும் அண்ணன் வீட்டுக்குப் போய் அடுப்படியில் உட்கார்ந்தோம்.

"சோலிக்குப் போகலையா?" என்றார் அண்ணன்.

"இன்னைக்கு இதுதாண்ணே சோலி."

அண்ணன் எங்கள் எதிரில் வந்து உட்கார்ந்தார். பிறகு முறத்தைத் தன் பக்கம் இழுத்து, ஒரு காயை எடுத்து உரித்தார்.

போய் வாருங்கள், டீச்சர். அண்ணன் சாப்பிடும்வரை நாங்கள் நகரமாட்டோம்.