கோழிக் கஞ்சி அரைக் கிண்ணம்

மருத்துவ வழக்குகளையே நடத்தி நடத்தி, யாரையும் சட்டென்று நம்ப எனக்கு வராது. டாக்டரை நம்பமாட்டேன், மருத்துவமனைப் பதிவேட்டை நம்பமாட்டேன், எதிரே உட்கார்ந்து அழுகிற கட்சிக்காரரை அதைவிட நம்பமாட்டேன்.

அப்படி என்னிடம் வந்த அந்த அம்மாள், பாடாங் செராய் என்ற ஊரில் தோசைக் கடை போட்டிருந்தவர். இனிப்புநீர், அதாவது சர்க்கரை வியாதி, உண்டு. காலில் புண்ணோடு ஒரு தனியார் மருத்துவமனையில் படுத்தவருக்கு முழங்காலுக்குக் கீழே வலது கால் போய்விட்டது. கால் கறுத்ததை ஒரு நாள் முழுக்க யாருமே பார்க்கவில்லை என்பதுதான் வழக்கு. தாதியின் குறிப்பிலோ மணிக்கு மணி எல்லாம் இருந்தது. ஒரே பேனா, ஒரே சாய்வு. பின்னால் சாவகாசமாக உட்கார்ந்து எழுதியது போலப் பட்டது. அதில் ஒரு வரி: 'மதியம், கோழிக் கஞ்சி அரைக் கிண்ணம் சாப்பிட்டார்.'

"புரட்டாசி மாசத்துல கோழியா? என் பொஞ்சாதி முட்டையக்கூட தொடாதும்மா! சுத்தப் பொய் லா!" என்று குதித்தார் கணவர்.

மாட்டினீர்களா என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. கோழி பொய்யென்றால் ஏடு முழுக்கப் பொய். ஆனால் அந்த அம்மாள் ஆமாம் போடாமல் கணவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு உறுத்தியது. பாலில்லாத தே ஓ டீ வாங்கி வரும்படி கணவரைக் கீழே அனுப்பினேன்.

"சாப்பிட்டீங்களா இல்லையா?"

"காய்ச்சல்மா. ரெண்டு நாளா ஒண்ணும் எறங்கல. நர்ஸ் மிஸி ஊட்டுச்சு, சாப்ட்டேன். அவருக்குத் தெரிஞ்சா, சாமிதான் கால எடுத்துக்கிச்சுன்னு சொல்லுவாரு. அந்த ஒரு வரிய மட்டும் எடுத்துட முடியாதா?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. பதிவேட்டைத் திருத்துகிறவர்களைத் துரத்துவதே என் பிழைப்பு, என்னிடமே கேட்கிறார்! முடியாது என்றேன் வெடுக்கென்று.

அவர்கள் போனபின் அந்தப் பக்கத்தை மறுபடி படித்தேன். கஞ்சி உண்மையென்றால், எழுதிய தாதியும் உண்மையைத்தானே எழுதியிருக்கிறாள்? இரண்டு வரி கீழே, அதே கையெழுத்து: 'மூன்று மணி, வலது பாதம் சில்லிட்டிருக்கிறது, டாக்டரிடம் சொல்லியாயிற்று.' டாக்டர் வந்ததோ இரவு ஒன்பது மணிக்கு. பொய் என்று நான் தள்ளப் பார்த்த பக்கத்தில்தான் வழக்கே இருந்தது. வெட்கமாகப் போய்விட்டது.

அந்த அம்மாளுக்குப் போன் செய்தேன். "மூணு மணி வரி வேணும்னா கஞ்சி வரியும் கோர்ட்டுல வரும். பக்கத்தை முழுசாத்தான் படிப்பாங்க."

"அவரும் அங்கதானே இருப்பாரு?" என்றார். பிறகு, "படிங்கம்மா" என்றார்.

நீதிமன்றத்தில் நானே படித்தேன். கணவர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். வெளியே வந்து இந்த மனுஷன் என்ன ஆட்டம் ஆடப்போகிறாரோ என்று சந்தேகத்தோடு பின்னாலேயே போனேன். சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனவர், வாசலில் நிறுத்தி மனைவியிடம் குனிந்தார்.

"அரைக் கிண்ணந்தானா? மீதியையும் சாப்ட்டிருக்கலாம்ல."