குடையைத் திருப்பிப் பிடித்த காலை

பிரஷர் குக்கர் முழுதாக விசில் அடிப்பதற்கு முன்னால், சளி பிடித்ததுபோல் 'ஸ்வீ-சிக்' என்று ஒரு திணறல் திணறுமே, அந்தச் சத்தம் அடுப்படியிலிருந்து வராமல் எங்கள் ஓட்டுக் கூரைக்கு மேலிருந்து வந்த மழைக்காலம் ஒன்று உண்டு. அடுப்பில் அப்போது குக்கரே இருக்காது.

மைசூரில் லிங்காம்புதி ஏரிக்குப் பக்கத்தில் வாடகை வீடு. அப்பா பள்ளியில் அறிவியல் ஆசிரியர். ஞாயிறு தோறும் மாதா கோயில் பூசை முடிந்ததும், வெள்ளை உடுப்பு கசங்காமல் என்னை ஏரிக்கரைக்கு நடத்திப்போய்ப் புள்ளிமூக்கு வாத்தைக் காட்டுவார். கறுத்த அலகு, நுனியில் மஞ்சள், அடியில் இரண்டு சிவப்புப் பொட்டு, சாம்பல் கோட்டு. ஆணும் பெண்ணும் ஏறக்குறைய ஒரே அச்சு. தரையில் புல்லுக்குள் முட்டையிடும், 'க்வாக்' என்று மட்டும் பேசும், சம்பள தினம் தவறாத குமாஸ்தாபோல் நீரில் மிதக்கும். "இதுதான் 'ப்ராப்பர்' வாத்து" என்பார் அப்பா. எனக்கு அது ஞாயிற்றுக்கிழமை அப்பா மாதிரியே இருந்தது.

ஆகவே, குளியலறை ஜன்னல் வழியாக, அடுப்படிக்கு மேல் சாய்ந்திருந்த தூங்குமூஞ்சி மரத்தின் பொந்திலிருந்து ஒரு வாத்து தலையை நீட்டி என்னைப் பார்த்தபோது, பாதி சோப்போடு அலறினேன். செம்பழுப்பு நிறம், மெலிந்த கழுத்து. ஒழுக்கமான குடும்பத்துப் பறவையாகத் தெரியவில்லை.

"மரத்துல வாத்தா? ஜெசி, அது காலைப் பாத்திருக்கியா? விரலுக்கு நடுவுல தோலு. நீ ஷூ போட்டுக்கிட்டு மரம் ஏறு, பாக்கலாம்" என்றார் அப்பா.

அம்மா மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவு நர்ஸ்; தினமும் பொய்க் காய்ச்சல்களைப் பார்க்கிறவள். என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "நார்மல்தான்" என்றாள்.

சிக்கல் என்னவென்றால், அந்தக் கிளை மழையில் ஓட்டின் மேல் விழுந்துவிடும் என்று சனிக்கிழமை வெட்ட ஏற்பாடாகியிருந்தது. பொந்தும் அந்தக் கிளையில்தான். உள்ளே குஞ்சு இருக்கும் என்று மூன்று வேளையும் அழுதேன். அப்பா அசையவில்லை, அவருடைய வாத்து தரையில்தான் இருந்தது.

சனிக்கிழமை தூறல். மரம் வெட்டும் சென்னப்பா மேலேறி, கோடரியின் பின்பக்கத்தால் கிளையைத் தட்டிப் பார்த்தார். 'ஸ்வீ-சிக்!' பழுப்பாக ஒன்று, கீழே நின்ற அப்பாவின் குடையை உரசிக்கொண்டு பாய்ந்தது. "மேஷ்ட்ரே, பாதுகோளி!" என்று சென்னப்பா கன்னடத்தில் கத்தினார். வாத்துக்கு அங்கே அதுதான் பெயர். கன்னடத்தில் சொன்ன பிறகு அப்பாவால் மறுக்க முடியவில்லை.

வாத்து கீழே சாக்கடையோரம் இறங்கி விசிலடித்தது. பொந்தின் வாயில் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு பஞ்சு உருண்டை வந்து நின்றது. குதித்தது.

இரவுப் பணி முடிந்து கேட்டைத் திறந்த அம்மா, "அய்யோ, புள்ள விழுது! நின்னு வேடிக்கை பாக்கறீங்களே, குடையைத் திருப்புங்க!" என்று ஓடிவந்தாள். கோட்டும் கண்ணாடியும் நனைய, அப்பா குடையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு இங்கும் அங்கும் ஓடினார். 'டப்', 'டப்' என்று குஞ்சுகள் குடையைத் தவிர எல்லா இடத்திலும் விழுந்தன. சருகில் எம்பி, எழுந்து, ஒன்றுமே நடக்காததுபோல் தாயின் பின்னால் ஏரிப் பக்கம் நடந்தன. ஒன்றுக்கும் சேதமில்லை.

குடையில் மழைநீர் நிறைய நின்றிருந்த அப்பா, அதைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு, "இது வாத்துக் கணக்குல வராது" என்றார். அது சீழ்க்கைச் சிறகி என்று புத்தகத்தில் கண்டுபிடித்தவரும் அவர்தான். கிளை வெட்டப்படவில்லை, ஓட்டுக்கு முட்டுக்கொடுத்தார். அடுத்த ஞாயிறு ஏரியில் புள்ளிமூக்கை, இத்தனை நாள் தன்னிடம் எதையோ மறைத்த சக ஆசிரியரைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

போன மாதம் மகனை அங்கே கூட்டிப்போனேன். ஏரியில் புள்ளிமூக்குகள் ஆஜர். வீடு இல்லை, மரம் இல்லை, அப்பா இல்லை, கூரைக்கு மேல் விசிலும் இல்லை. அடுக்குமாடி. "எங்கேம்மா பொந்து?" என்றான். அண்ணாந்து கைகாட்டினேன். சரியாக அந்த உயரத்தில் ஒரு பால்கனி. துணி உலர்த்திக்கொண்டிருந்தவர், தன்னை ஒரு பெண்மணி மகனுக்குச் சுட்டிக்காட்டுவதைக் கண்டு திகைத்ததில், ஒரு காலுறை நழுவியது.

தூறல் விழுந்துகொண்டிருந்தது. நான் ஓடினேன். முழுக்க நனைந்து, திருப்பிப் பிடித்த குடைக்குள் அதை வாங்கிவிட்டேன்.