வாசல் கேட்டிலிருந்து ஒரு நாட்குறிப்பு

மலாக்காவின் குருபோங்கில் எங்கள் அலுவலகம் இருந்த கட்டடத்துக்குக் காவல் ஓர் அக்கா. தொப்பிக்குக் கீழே பெரிய பொட்டு, கழுத்தில் விசில். யார் வந்தாலும் முதலில் கடிகாரத்தைப் பார்ப்பார், பிறகு முகத்தை. உடனே பதிவேட்டில் எழுதிவிடுவார்.

மனநலத்துக்காக நாங்கள் செய்துகொண்டிருந்த நாட்குறிப்புச் செயலியை அவர் கைப்பேசியிலும் போட்டுக் கொடுத்தேன். "இன்று மனம் எப்படி இருக்கிறது?" என்று அது தினமும் கேட்கும். பதில் எழுத வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு வாரம் கழித்து, எழுதியதை அவரே பெருமையாகத் திறந்து காட்டினார்.

"8.10: மேனேஜர் வந்தார். முகம் வாடியிருக்கிறது. 8.25: கிளார்க் சிரித்தார். வீட்டுச் சண்டை தீர்ந்திருக்கும்."

"அக்கா, இதுல உங்க மனசைப் பத்தித்தான் எழுதணும்."

"டியூட்டி நேரத்துல எனக்கு ஏது தம்பி மனசு? உள்ள வர்றவங்கள தானே எழுதணும் லா!"

சிரித்துக்கொண்டே கடைசிக் குறிப்புக்கு வந்தேன்.

"9.05: ஆப் செய்யும் தம்பி. மூன்று நாளாக அதே சட்டை. நேற்றும் சாப்பாடு வாங்க இறங்கவில்லை. கேட்டால் ஓகே என்பார். நம்ப வேண்டாம்."

கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தேன்.

"என்ன தம்பி, ஓகே தானே?"

"ஓகேக்கா."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு என் முகத்தை.