ஹல்லு என்றார் டாக்டர்

ஓசூருக்கு வந்த புதிது. எனக்குக் கன்னடம் தெரியாது. சினைப்பையில் கட்டி, புற்றுநோயாகவும் இருக்கலாம் என்று ஆபரேஷனுக்கு முன் ஸ்கேனுக்கு அனுப்பினார்கள். ஸ்கேன் டாக்டரம்மா திரையைப் பார்த்தபடி நர்ஸிடம், “ஹல்லு இதெ” என்றார்.

“கல்லுன்னா மருந்துலயே கரைச்சிடலாமே மேடம்” என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். “கல்லு இல்லம்மா, பல்லு. கட்டிக்குள்ள பல்லும் முடியும் தெரியுது. இந்த மாதிரி கட்டி பெரும்பாலும் கேன்சரா இருக்காது.”

ஆறுதலுக்குச் சொல்கிறார் என்றே நினைத்தேன். ஆபரேஷன் முடிந்து, கேன்சர் இல்லை என்று சொல்லி, எடுத்த கட்டியைப் பாட்டிலில் போட்டுக் காட்டினார்கள். முடிக்கற்றைக்கு நடுவே ஒரு முழுப் பல். வயிற்றைத் திறக்காமலே, ஸ்கேன் திரையின் சாம்பல் நிற நிழலில் அந்த டாக்டரம்மா அதைக் கண்டிருக்கிறார்.

இன்றும் பல் துலக்கும்போது கை சற்று நின்றுவிடும். நான் ஒருநாளும் துலக்காத பல் ஒன்று எனக்குள் இருந்தது.