கொறற்றியின் பெயரில் ஒரு டற்சன்

கடிதம் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. கொறற்றி அதைக் குசினி மேசையில் வைத்து, கையைத் துடைத்துவிட்டு, நின்றபடியே வாசித்தாள். பிறகு இருந்து வாசித்தாள். மூன்றாம் முறை கணவன் கிறிஸ்ரியனுக்குக் கேட்கும்படி தமிழில் சொல்லிச் சொல்லி வாசித்தாள்.

"உங்கள் பெயரில் இதுவரை எந்த வாகனக் காப்புறுதியும் இருந்ததில்லை. ஆகவே வாகனம் ஓட்டிய அனுபவம் இல்லாதவராகவே உங்களைக் கருத வேண்டியுள்ளது. பழம்பெரும் வாகனங்களுக்கான காப்புறுதியை உங்களுக்கு வழங்க முடியாமைக்கு வருந்துகிறோம்."

கிறிஸ்ரியன் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். "ஆருக்கு அனுபவம் இல்லையாம்?"

"எனக்கு."

"அப்ப பதினேழு வருசமா என்னை வேலைக்குக் கொண்டுபோய் விட்டது ஆர்? காவல் சம்மனசோ?"

கொறற்றி சிரிக்கவில்லை. அவளுடைய கண் கலங்கியது வெங்காயத்தால் அல்ல என்பதைக் கிறிஸ்ரியன் கண்டுகொண்டு, கத்தியைக் கீழே வைத்தான்.

அது 2006ஆம் ஆண்டு மே மாதம். கொறற்றிக்கு நாற்பத்தாறு வயது. மன்னாரிலிருந்து புறப்பட்டு, கிழக்கு பேர்லின் வழியாக ரயிலேறி, ஜெர்மனியின் ஹம் நகரத்துக்கு வந்துசேர்ந்தபோது இருபத்தைந்து. அன்றிலிருந்து அவளுக்கு எல்லாமே யாராவது தெரிவுசெய்து கொடுத்தவைதான். குளிருக்குப் போட்ட முதல் கோட்டைக் கோயில் சிஸ்டர்மார் தெரிவுசெய்தார்கள். வீட்டைச் சமூக உதவி அலுவலகம் தெரிவுசெய்தது. இப்போது ஓடும் வெள்ளிநிறக் கொறோலாவும், அதற்கு முன்னே ஓடிய இரண்டு கார்களும் அண்ணன் ஜேசுரட்ணம் பார்த்து, பேசி, வாங்கி, வாசலில் கொண்டுவந்து விட்டவை. உனக்கு என்ன நிறம் பிடிக்கும் என்றுகூட ஒருவரும் அவளிடம் கேட்டதில்லை.

டற்சன் ஒன்றுதான் அவள் தானாக ஆசைப்பட்டது.

விடியற்காலையில் காரில் பத்திரிகை போடுவது அவளுடைய முதல் வேலை. அது முடிந்த கையோடு ஆஸ்பத்திரிக் குசினி. பத்திரிகை போடும் தெருவொன்றில் ஹூசர் என்ற ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளி இருந்தார். ஒரு தை மாதக் குளிரில் அவருடைய வாசலில் கொறோலா செத்துப்போய் நின்றது. ஹூசர் தன் கராஜைத் திறந்து, உள்ளே நின்ற காரை வெளியே எடுத்து, அதன் பற்றரியிலிருந்து கொறோலாவுக்கு உயிர் கொடுத்தார். அது 1975ஆம் ஆண்டு டற்சன் 260Z. செம்மஞ்சள் நிறம். நீண்ட மூக்கு, குட்டைப் பின்பக்கம். அதன் எஞ்சின் உறுமிய உறுமல் கொறற்றியின் நெஞ்சுக்குள் புகுந்தது. பிறகு அது வெளியே போகவேயில்லை.

"விற்பீர்களா?" என்று அன்றைக்கே கேட்டாள். இல்லை என்றார். அடுத்த வருடமும் கேட்டாள். ஏழு வருடம் கேட்டாள். எட்டாம் வருடம் கிழவருக்கு முழங்கால் மடங்க மறுத்தது. அந்தத் தாழ்ந்த ஆசனத்தில் ஏறி இறங்க முடியவில்லை. வாங்க வந்த இளைஞர்கள் எல்லோரும் அதற்கு வால் பூட்டவும், அகலச் சில்லுப் போடவும் கணக்குப் போட்டார்கள். ஹூசர் கொறற்றியிடம் கேட்டார்: "நீ இதற்கு என்ன பூட்டுவாய்?"

"ஒன்றும் பூட்டமாட்டேன். ஓடுவேன்."

அன்றே விலை பேசி முடிந்தது. மகளுக்குத் தங்கம் வாங்க என்று எல்லோரும் நினைத்திருந்த சீட்டுக் காசை அவள் எடுத்தாள். கராஜையும் கிழவரிடமே வாடகைக்குப் பிடித்தாள். பக்கத்து வீட்டு மனிதர் வேலிக்கு மேலால் எட்டி, "சோத்துக் கோப்பையா வாங்கியிருக்கிறீர்கள்?" என்று நக்கலடித்தார். ஜப்பான் காரை அப்படித்தான் அங்கே கேலி செய்வார்கள். "நாங்கள் சோறு தின்கிற ஆட்கள், எங்களுக்கு அதுதான் தோது" என்று சொல்லிவிட்டுக் கொறற்றி கதவைச் சாத்தினாள்.

ஆனால் காப்புறுதி இல்லாமல் கார் தெருவில் இறங்க முடியாது. சாதாரணக் காப்புறுதியில் அது முப்பத்தொரு வயதான தகரம். களவு போனாலும் எரிந்தாலும் தகரத்தின் விலைதான் கிடைக்கும். ஊர்க் காப்புறுதி முகவர் முகத்துக்கு நேரே சிரித்தார். "ஜப்பான் காரா? அது பழம்பெருமை உள்ள ஓல்ட்டைமர் அல்ல, வெறும் பழைய கார்." பழைய கார்களுக்கென்றே உள்ள ஒரு கம்பனியை அவள் தேடிப் பிடித்தாள். மதிப்பீட்டாளர் வந்து, காருக்கு அடியில் படுத்துப் பார்த்து, முன்பலகையில் வெடிப்பு ஒன்றுகூட இல்லையென்று அதிசயப்பட்டு, நல்ல நிலை, இரண்டாம் தரம் என்று எழுதிக் கொடுத்தார். கார் சோதனையில் வென்றது. தோற்றது கொறற்றி.

எப்படித் தோற்றாள்?

அந்த நாட்டில் விபத்தில்லாமல் ஓடும் ஒவ்வொரு வருடத்துக்கும் காப்புறுதியின் வீதம் இறங்கும். புதிதாக ஓடுபவருக்கு அது மலைபோல இருக்கும். ஆகவே தமிழர் வீடுகளில் தம்பியின் கார் அண்ணன் பெயரில் நிற்கும், மருமகனின் கார் மாமன் பெயரில் நிற்கும். வீதத்தை அவர்கள் புறோசென்ற் என்பார்கள்; 'புறோசென்ற் குறைவு' என்ற இரண்டு சொல்லில் விசயம் முடிந்துவிடும். 1989இல் கொறற்றி லைசென்ஸ் எடுத்தபோது, முன்னரே வந்திருந்த ஜேசுரட்ணம் அவளுடைய காரைத் தன் இரண்டாவது கார் என்று பதிந்தார். அன்புடன்தான் செய்தார். பதினேழு வருடம் அவள் ஓடினாள். பதினேழு வருடமும் கடதாசியில் அவர் ஓடினார்.

அண்ணனுக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"இதுக்கேன் மண்டையை உடைக்கிறாய்?" என்றார் ஜேசுரட்ணம். "டற்சனையும் என்ர பேரில போடு. ஒரு கிழமையில அலுவல் முடியும்."

"இல்லை அண்ணை. இது என்ர பேரில."

"உனக்கு விசரே? பேரில என்ன கிடக்கு?"

"ஒண்டும் இல்லையெண்டா, ஏன் எல்லாம் உங்கட பேரில கிடக்கு?"

மறுமுனையில் ரிசீவர் வைக்கப்படும் சத்தம் கேட்டது.

கொறற்றி அன்று அழுதாள். முகத்தைக் கழுவிவிட்டு அலுமாரியின் மேல்தட்டைத் திறந்தாள். அகதியாக வந்தவர்கள் அந்த நாட்டில் முதலில் படித்த பாடம், வந்த கடதாசி எதையும் எறியக்கூடாது என்பதுதான். விசா அலுவலகத்தில் எந்த நாள் எந்தத் துண்டைக் கேட்பார்கள் என்று தெரியாது. அவளிடம் பதினாறு கோப்புகள் இருந்தன. பேருந்துச் சீட்டு முதல் பல் பிடுங்கிய கடிதம் வரை எல்லாம் துளை போட்டு, திகதி வரிசையில் இருந்தன. ஒன்பதாவது கோப்பில் அவள் தேடியது இருந்தது.

வேகமாக ஓடிக் கமெராவில் அகப்பட்ட படங்கள். பதினொன்று.

கார் அண்ணன் பெயரில் இருந்தபடியால் முதல் கடிதம் படத்தோடு அவருக்குத்தான் போகும். அவர் ஓடியவரின் பெயராகக் கொறற்றியின் பெயரை எழுதி அனுப்புவார். பிறகு தண்டக் கடிதம் அவளுடைய படத்தோடு அவளுக்கு வரும். ஞாயிறு பூசை முடிந்து நாலு பேர் நிற்கும் இடத்தில், "தங்கச்சியின்ர புதுப்படம் வெளிவந்திருக்கு, பாத்தனீங்களோ?" என்று ஜேசுரட்ணம் சொல்வார். கோயில் வாசல் சிரிக்கும். கொறற்றி தலையைக் குனிந்துகொண்டு நிற்பாள். பதினொரு தடவை அப்படி நின்றிருக்கிறாள்.

அந்தப் பதினொன்றையும், பத்திரிகைக் கம்பனி கொடுத்த வேலை அத்தாட்சியையும், தான் ஒப்பமிட்ட கார் திருத்தும் கராஜ் பற்றுச்சீட்டுகளையும் எடுத்துக்கொண்டு மூன்ஸ்ரருக்கு ரயிலேறினாள். காப்புறுதிக் கம்பனியில் விஹெர்ஸ் என்ற அம்மா அவளுக்கு இருபது நிமிடம் சந்திக்கத் தெர்மின் கொடுத்திருந்தார்.

விஹெர்ஸ் அம்மா படங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். எல்லாவற்றிலும் ஸ்ரேறிங்கைப் பிடித்தபடி கொறற்றி. 1990இல் பின்னல், 1998இல் கொண்டை, 2004இல் குட்டைத் தலைமயிர்.

"இருபது வருட வேலையில், வேகமாக ஓடியதை அத்தாட்சியாகக் கொண்டுவந்த முதல் ஆள் நீங்கள்தான்."

"விபத்து ஒன்றுமில்லை," என்றாள் கொறற்றி. "தேடிப் பாருங்கள். நான் வேகமாக ஓடியிருக்கலாம். ஒருவரிலும் மோதவில்லை."

விஹெர்ஸ் அம்மாவின் உதட்டோரம் அசைந்தது. ஆனால் சட்டம் சட்டமாகவே நின்றது. அன்றாடம் ஓடும் கார் கொறற்றியின் பெயருக்கு மாற வேண்டும். இவ்வளவு காலமும் அதை ஓடியது அவள்தான் என்று அண்ணன் ஒப்பமிட்டு, விபத்தில்லாத வருடங்களை அவளுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். ஒரு தாளை நீட்டினார். கீழே ஒரு கோடு, வெறுமையாக.

அடுத்த ஞாயிறு டோட்முண்டில் ஜேசுரட்ணத்தின் வீட்டில் கோழிக்கறி மணத்தது. அண்ணி மக்டலீன் கோப்பைகளை வைத்துக்கொண்டிருந்தாள். கொறற்றி சாப்பாட்டுக்கு முன்பே தாளை மேசையில் வைத்தாள்.

ஜேசுரட்ணம் கண்ணாடியைப் போட்டு வாசித்தார். "வருசங்களை விட்டுக்கொடுக்கட்டாம். குடுத்தா எனக்குத் திரும்ப வராதாம். என்ர புறோசென்ற், கொறற்றி."

"அந்த வருசங்கள் நான் ஓடினது, அண்ணை. திருப்பித் தாங்கோ."

"உனக்கு உதவி செய்யத்தானே என்ர பேரைத் தந்தனான்."

"ஓம். நான் மறக்கேல்லை. உங்கட பேர் இல்லாட்டி அண்டைக்கு எனக்குக் கார் இல்லை. ஆனா இப்ப அந்தப் பேராலதான் நான் ஒருநாளும் கார் ஓடாத மனுசி."

"ஊர்ச்சனம் என்ன சொல்லும்? தங்கச்சி அண்ணனிட்டக் கணக்குக் கேட்டவள் எண்டு சொல்லும்."

கிறிஸ்ரியன் தொண்டையைச் செருமினான். "அத்தான், ஊர்ச்சனம் படம் எல்லாம் பாத்ததுதானே."

"நீ சும்மா இரு."

கொறற்றி எழுந்தாள். "கையெழுத்து வைக்காட்டி விடுங்கோ. நாளைக்கே கொறோலாவை என்ர பேருக்கு மாத்தி, அடியில இருந்து தொடங்கிறன். நேற்று லைசென்ஸ் எடுத்த பெடியன் கட்டுற காசைக் கட்டுறன். டற்சன் கராஜுக்குள்ள அஞ்சு வருசம் நிக்கட்டும். உங்கட பேரில மட்டும் அது ஒரு அடியும் நகராது."

ஜேசுரட்ணம் பேனாவைத் தள்ளிவிட்டார். "நீதான் எல்லாம் ஓடினனீ எண்டதுக்கு என்ன சாட்சி? படத்தில பதினொரு நாள்தான் கிடக்கு."

அதுவரை வாய் திறவாத மக்டலீன் கையில் இருந்த கோப்பையை வைத்தாள். படங்களைத் தன் பக்கம் இழுத்து, ஒன்றை எடுத்துக் கணவனின் முன்னே வைத்தாள். 1992, ஐப்பசி, பின்னேரம் மூன்று மணி பத்து நிமிடம். ஐம்பதில் ஓட வேண்டிய இடத்தில் அறுபத்தெட்டு. கொறற்றி பல்லைக் கடித்துக்கொண்டு ஓடுகிறாள். பக்கத்து ஆசனத்தில் ஒரு கறுப்புச் சதுரம். ஓடுபவரைத் தவிர மற்றவரின் முகத்தை அப்படித்தான் மறைத்து அனுப்புவார்கள்.

"இந்தக் கறுப்புக்குள்ள இருக்கிறது ஆர் தெரியுமோ?" என்றாள் மக்டலீன். "நான். தண்ணிக்குடம் உடைஞ்சு துடிச்சுக்கொண்டு இருக்கிறன். நீங்கள் அண்டைக்கு வேலையில நிண்டனீங்கள். லாரா பிறக்கேக்க கழுத்தில கொடி சுத்தியிருந்தது, பத்து நிமிசம் பிந்தியிருந்தாத் தப்பாது எண்டு டொக்டர் சொன்னவர். அந்தப் பத்து நிமிசத்தைத்தான் கமெரா படம் எடுத்திருக்கு. நீங்கள் இதையும் கோயில் வாசலிலை காட்டிச் சிரிச்சனீங்கள். நான் பிள்ளையோட கிழமைக்கணக்கா ஆஸ்பத்திரியில கிடந்தபடியா அது அப்ப எனக்குத் தெரியாது."

மேல்மாடியில் பதின்மூன்று வயது லாராவின் பாட்டுப்பெட்டி பாடிக்கொண்டிருந்தது.

ஜேசுரட்ணம் அந்தக் கறுப்புச் சதுரத்தை விரலால் தொட்டார். கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், திரும்பப் போட்டார். பிறகு பேனாவைத் தேடினார். அது மேசைக்கு அடியில் விழுந்திருந்தது. குனிந்து எடுத்துக் கொடுத்தது கொறற்றி.

கையெழுத்து வைத்தபின் அவர் சொன்னது ஒன்றுதான்: "கறி ஆறுது. இருந்து சாப்பிடுங்கோ."

ஆடி மாதம் காப்புறுதி அட்டை வந்தது. வாகன உரிமையாளர் என்ற இடத்தில் அவளுடைய பெயர் தட்டச்சில் இருந்தது. பதிவு அலுவலகத்தில் இலக்கத்தகட்டின் கடைசியில் பழம்பெரும் காருக்கான H எழுத்தை அடித்துக் கொடுத்தார்கள். ஹூசர் கைத்தடியோடு வந்து, தகட்டைப் பூட்டும்வரை பார்த்து நின்றார்.

ஆவணியில் கேவலார் மாதா திருவிழா. ஜெர்மனியின் மூலைமுடுக்கிலிருந்தெல்லாம் தமிழர் திரளும் நாள். கொறற்றி டோட்முண்டில் அண்ணன் வீட்டு வாசலில் டற்சனை நிறுத்தினாள். உள்ளே இரண்டே ஆசனங்கள்தான். கிறிஸ்ரியன் மக்டலீனையும் பிள்ளைகளையும் கொறோலாவில் ஏற்றிக்கொண்டு முன்னே போயிருந்தான். ஜேசுரட்ணம் வேட்டியோடு வந்து, காரை ஒரு சுற்றுச் சுற்றி, முன்மூக்கைத் தடவி, பழக்கதோசத்தில் கையை நீட்டினார்.

"திறப்பைத் தா. நான் ஓடுறன்."

"அண்ணை," என்றாள் கொறற்றி, "அங்கால ஏறுங்கோ."

அவர் மற்றப் பக்கக் கதவைத் திறந்து, வேட்டியை ஒதுக்கிக்கொண்டு, முழங்கால் மடித்து ஏறினார். கார் உறுமியது. நெடுஞ்சாலை விட்டிறங்கி ஊருக்குள் நுழையும் வளைவில், பட்டென்று ஒரு வெளிச்சம் அடித்தது.

"போச்சு," என்றார் ஜேசுரட்ணம். "எனக்குத்தான் கடிதம் வரப்போகுது."

"உங்களுக்கு வராது."

மூன்று கிழமை கழித்துக் கடிதம் வந்தது, நேரே கொறற்றிக்கு. உரிமையாளர் அவள். ஓடியவரும் அவள். படத்தில் ஸ்ரேறிங்குக்குப் பின்னே நிமிர்ந்து இருந்தாள். பக்கத்தில் ஒரு கறுப்புச் சதுரம். அதற்குக் கீழே வேட்டிக்கரை கொஞ்சம் தெரிந்தது.

அந்த ஞாயிறு கோயில் வாசலில் நாலு பேர் நின்ற இடத்தில் கொறற்றியே அதை எடுத்துக் காட்டினாள். பிறகு வீட்டுக்குப் போய், தண்டத்தைக் கட்டி, கடிதத்துக்குத் துளை போட்டு, பதினேழாவது கோப்பைத் திறந்து முதலாவதாக வைத்தாள்.