மூணு பேருக்கும் ஒரே மார்க்

கல்லூரியில் அவளுக்கு வைத்த பெயர் கடுகு. ஆள் குள்ளம், பொரிய ஆரம்பித்தால் நிற்க மாட்டாள். பெயர் வைத்தவன் மைனர். அவனோடும், அவனுக்கு ஆமாம் போடுகிற ஜால்ராவோடும் சேர்ந்துதான் கடைசி வருஷத்து மொபைல் ஆப்பைச் செய்ய வேண்டும் என்று சீட்டுக் குலுக்கிப் போட்டுவிட்டார்கள். யார் செய்தாலும் மூன்று பேருக்கும் ஒரே மார்க். எந்தப் புண்ணியவான் போட்ட விதியோ, ஆள் கையில் கிடைத்தால் கடுகு சும்மா விடமாட்டாள்.

இந்தப் பாடத்தில் தேறினால் பட்டம், இல்லையென்றால் இன்னொரு வருஷம். அவள் அம்மா துணி தைக்கும் கம்பெனியில் இஸ்திரிப் பிரிவில் நாள் முழுக்க நின்றபடி வேலை பார்க்கிறாள். முழங்கால் இரண்டும் வீங்கிக் கிடக்கின்றன. மகள் பட்டம் வாங்கின மறுநாளே வேலையை விட்டு நின்றுவிடுவதாகச் சூப்பர்வைசரிடம் சொல்லியும் வைத்துவிட்டாள்.

ஆப் பெரிய விஷயமில்லை. குடை, சாவி, மூக்குக்கண்ணாடி என்று வளாகத்தில் கண்டெடுத்ததைப் போட்டோ எடுத்து ஏற்றலாம், தொலைத்தவர் பார்த்துவிட்டு வந்து வாங்கிக்கொள்ளலாம். அவ்வளவுதான். அந்த அவ்வளவுதானுக்கு அவள் பட்ட பாடு இருக்கிறதே! தொடங்கும்போது ஒரு மண்ணும் தெரியாது. வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து எழுதினாள். ஒரு பட்டன் வேலை செய்தால் இன்னொன்று மக்கர் பண்ணும். போட்டோ ஏற்றுகிற பகுதி மைனருடைய பொறுப்பு. கேட்டபோதெல்லாம் முடித்தாகிவிட்டது என்றான். திறந்து பார்த்தால் வெறும் பக்கம். பல்லைக் கடித்துக்கொண்டு அதையும் இவளே எழுதினாள்.

எழுதும்போது வயிற்றெரிச்சலில் ஒரு காரியம் செய்தாள். போட்டோ போடாமல் பட்டனை அழுத்தினால் திரையில் ஓர் அறிவிப்பு வர வேண்டும். அந்த இடத்தில், இப்போதைக்கு இருக்கட்டும் என்று, மனசில் இருந்ததைத் தட்டிவிட்டாள். ஆப் எழுதப் பழகுகிறவர்கள் இப்படி எதையாவது கிறுக்கி வைப்பார்கள். கொடுப்பதற்கு முன் மாற்றிவிடுவார்கள். இவள் மறந்து தொலைத்தாள்.

செய்து காட்டும் நாள் வந்தது. மைனர் மடிப்புக் கலையாத சட்டையில் முன்னால் போய் நின்றுகொண்டு, நான் இப்படி யோசித்தேன், நான் அப்படி எழுதினேன் என்று வெளுத்து வாங்கினான். ஜால்ரா தலையாட்டினான். எவ்வளவு நெஞ்சழுத்தம் பாருங்கள்! கடுகு ஓரமாக நின்று கொதித்தாள். பாடம் நடத்துகிற மேடம் போனை வாங்கி, போட்டோ போடாமலே பட்டனை அழுத்தினார். பின்னால் சுவர்த் திரையில் கொட்டை எழுத்தில் வந்தது: 'போட்டோ எங்கே மைனரே? உன் வேலையையும் நானே செய்யணுமா, தண்டச்சோறு?'

வகுப்பே சிரித்தது. மேடம் சிரிக்கவில்லை. யார் எழுதியது என்று கேட்டார். அறிவிப்புகள் மட்டும்தான் இவள் எழுதினாள், மற்றதெல்லாம் நான்தான் என்று மைனர் வாய் கூசாமல் சொன்னான். அப்படியென்றால் நீயே உட்கார்ந்து அந்த வரியை மாற்று, திருத்தத் தெரியாத ஆப் உங்களுடையதே இல்லை, அதற்கு மார்க்கும் கிடையாது என்று மேடம் லேப்டாப்பை அவன் பக்கம் தள்ளினார்.

மைனர் திருதிருவென்று விழித்தான். எந்த ஃபைலில் இருக்கிறது என்று அவன் கண்டானா? மெதுவாகக் கடுகின் பக்கம் சாய்ந்தான்.

"எதுலடி இருக்கு? சொல்லித் தொலை. போனா உனக்கும் சேர்த்துதான் போகும்."

அந்த வார்த்தை அவளை எரித்துவிட்டது. மேடம் அவள் பக்கம் திரும்பி, உனக்குத் தெரியுமா என்றார்.

"தெரியும் மேடம். நான் மாத்தினா இவனுக்கும் அதே மார்க்கா?"

விதி அதுதான் என்றார் மேடம்.

"அப்போ மாத்த மாட்டேன்."

நன்றாக யோசித்துச் சொல் என்று மேடம் இன்னொரு முறை கேட்டுப் பார்த்தார். அவள் அசையவில்லை. மூன்று பேருக்கும் பெயில். மைனர் நடைவழி முழுக்கப் பின்னாலேயே வந்து கெஞ்சினான். கடுகுக்கு வயிறு குளிர்ந்தது.

வீட்டில் அம்மா காலை நீட்டி உட்கார்ந்து முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். கடுகு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். அவன் புளுகியதை, விழித்ததை, தான் விட்டுக்கொடுக்காததை. அம்மா தைலக் கையைப் புடவையில் துடைத்தாள்.

"நீ பண்ணினது நியாயம்னே வச்சுக்குவோம். அவனைத் தண்டிக்கிறதுக்கு எதுக்குடி என் காலை எடுத்துக்கிட்ட?"

அம்மா தைலப் புட்டியை மூடினாள். காலையில் போனதும் முதல் வேலையாகச் சூப்பர்வைசரைப் பார்க்க வேண்டும், அதற்குள் தன் இடத்துக்கு வேறு ஆள் பார்த்துவிடப் போகிறார் என்றாள்.